இளையவர் தலைமையும் மூத்தோர் பணிவும்



நம் காவிரிப் படுகை ஊர்களில் ஜமாஅத் கூட்டம் நடைபெறும்போது ஒரு காட்சியைக் காணலாம். மூத்தோர் நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். இளைஞர்கள் வாசலருகே நிற்பர். பந்தல் கட்டவும் பந்தி பரிமாறவும் அவர்கள் வேண்டும். முடிவெடுக்க மட்டும் வேண்டியதில்லை. எழுதப்படாத இந்த விதி நம் மார்க்க வரலாற்றோடு பொருந்துகிறதா?

ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டு (கி.பி. 632), ஷாம் நோக்கிச் செல்லவிருந்த படைக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 18. உமர் (ரலி) போன்ற மூத்த தோழர்களும் அப்படையில் இருந்தனர். சிலர் முணுமுணுத்தனர். கடும் நோயுற்றிருந்த நிலையிலும் நபியவர்கள் மிம்பரில் ஏறி, உஸாமா அப்பொறுப்புக்குத் தகுதியானவரே என்று அறிவித்தார்கள்.

நபியவர்களின் மறைவுக்குப் பின், வயதில் மூத்த ஒருவரைத் தளபதியாக்கலாம் என்ற யோசனை மீண்டும் எழுந்தது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. படையை வழியனுப்பியபோது உஸாமா குதிரையில் அமர்ந்திருக்க, கலீஃபா நடந்து சென்றார்கள். உஸாமா இறங்க முற்பட்டும் விடவில்லை. ஆட்சிப் பணிக்கு உமர் (ரலி) தேவைப்பட்டபோது, அவரை மதீனாவில் விட்டுச் செல்லுமாறு அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். கட்டளையிடும் அதிகாரம் கலீஃபாவுக்கு இருந்தது. ஆயினும், ஒப்படைத்த பொறுப்பை அவர்கள் உண்மையிலேயே ஒப்படைத்திருந்தார்கள்.

பின்னாளில் உமர் (ரலி) அவர்களும் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்தோரின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். 'நஸ்ர்' அத்தியாயம் நபியவர்களின் மறைவு நெருங்கியதைக் குறிக்கிறது என்று அவர் விளக்கியபோது, தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாகக் கூறி அவையோர் முன் அவரை உயர்த்தினார்கள்.

நம் தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 1896-இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த முஹம்மது இஸ்மாயீல் சாஹிப், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1909-இல், தம் 13-ஆம் வயதில், சொந்த ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். 1918-இல் மஜ்லிஸுல் உலமா உருவாக உழைத்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பைத் துறந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் சமுதாயம் கலங்கி நின்ற வேளையில், 1948 மார்ச் 10 அன்று சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமையை ஏற்றார். 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தார். அவர்தாம் நாம் போற்றும் காயிதே மில்லத். 1991-இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகை மாவட்டம் சில ஆண்டுகள் அவர் பெயரைத் தாங்கியிருந்தது. 13 வயதுச் சிறுவனை அன்று ஊரார் 'உனக்கேன் இந்த வேலை?' என்று விரட்டியிருந்தால் நம் சமுதாயம் எத்தகைய இழப்பைச் சந்தித்திருக்கும்!

இதை எழுதும் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பகுதியைச் சூறையாடியது. தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. நாங்கள் மூத்தோர் பள்ளிவாசல் வாசலில் அரிசி வழங்கினோம். என்னிடம் ஓதிய ஒரு மாணவர், "ஹஜ்ரத், இங்கு வர இயலாதவர்களுக்கு யார் கொடுப்பது?" என்று கேட்டார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று கடிந்துகொண்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. நண்பர்களோடு தெருத் தெருவாக நடந்து, இத்தாவில் இருந்த பெண்கள், படுக்கையில் கிடந்த முதியோர், கைக்குழந்தை உள்ள வீடுகள் எனப் பட்டியல் எடுத்து வந்தார். அதில் மாற்று மதச் சகோதரர்களின் குடிசைகளும் இருந்தன. எங்கள் அரிசி எட்டாத வீடுகளே அப்பட்டியலில் மிகுதி. மறுநாள் முதல் அப்பட்டியலின்படியே வழங்கினோம். அவரிடம் நான் வருத்தம் தெரிவித்தபோது, அவர் தலைகுனிந்து புன்னகைத்தார்.

இளைஞர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்பதன்று என் கருத்து. உஸாமாவுக்கும் அபூபக்ர் (ரலி) அவர்களின் அறிவுரை தேவைப்பட்டது. அறிவுரை கூறுவது மூத்தோர் கடமை. கேட்டு நடப்பது இளையோர் பண்பு. ஆனால், கேட்கும் செவி மூத்தோருக்கும் வேண்டும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் வாசலருகே நிற்கும் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை இறையச்சமுடையோரின் தலைவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.