புல்லட் போல்ட்டும் 1841-ஆம் ஆண்டும்



போன வாரம் பேரன் என் பழைய புல்லட்டின் இன்ஜினைப் பிரிக்க உட்கார்ந்தான். ஒரு போல்ட் அசையவில்லை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினான்; தலையின் மூலைகள் மழுங்கத் தொடங்கின. "நிறுத்துடா கண்ணா, துரு மட்டும் காரணமில்லை. இது இங்கிலாந்து அளவு" என்றேன்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒருவர் நட் இன்னொருவர் போல்ட்டில் ஏறாது. 1841-ல் ஜோசப் விட்வொர்த் எல்லாருக்கும் பொதுவான அளவை முன்வைத்தார். அவர் மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி.

1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூருக்குப் புல்லட்டோடு அந்த அங்குல அளவுகளும் வந்தன. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் புல்லட்டுக்குள் பல இடங்களில் அவை நெடுநாள் தங்கிவிட்டன.

பழைய பெட்டியிலிருந்து விட்வொர்த் ஸ்பேனரை எடுத்தேன். போல்ட்டைச் சுற்றி அலுமினியக் கூட்டைச் சூடாக்கினோம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, பிறகு திருப்பினோம். கழன்றது.

அளவு பார்க்காமல் பலத்தைக் காட்டினால் தலைதான் மழுங்கும். வகுப்பில் உங்களில் சிலரிடம், உங்கள் அளவு என்னவென்று பார்க்காமலே பிரம்பை எடுத்திருக்கிறேன். அதற்கு இன்று வருந்துகிறேன்.