இலுப்பை மரத்தடிப் புத்தர்

1856-ல் நாகப்பட்டினத்தில் சேசு சபைப் பாதிரிமார்கள் தங்கள் இடத்தில் நின்ற பெரிய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். அடியில் ஐந்து பௌத்தச் சிலைகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு புத்தரின் பீடத்தில் தமிழில் வெட்டியிருந்தது: ‘ஸ்வஸ்திஸ்ரீ ஆகம பண்டிதர் உய்யக்கொண்ட நாயகர்’. எந்தப் பண்டிதரையோ கடைத்தேற்றிய நாயகர்! மண்ணுக்கு மேலே வந்த அவர் பின்னால் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபுவுக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தார்.

சிலைகள் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மூன்று நிலைச் செங்கல் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோயில் என்றும் பெயர். கப்பல்காரர்களுக்குக் கரை காட்டியது அதுதான். கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்குரிய கொடை நிலமாக, விட்ட செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. கோபுரம் அந்த விகாரத்தின் மிச்சம் என்பார்கள். 1267-ல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து பொறித்த கோபுரம் ஒன்றை இந்தப் பக்கத்தில் கண்டதாகச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியிருப்பதால், சீனர் கட்டியது என்பாரும் உண்டு. அப்படியானால் அதற்கு ஆயுள் சரியாக அறுநூறு ஆண்டு. ஏனென்றால் 1867-ல் அரசு அனுமதியோடு அதை இடித்துவிட்டார்கள். முன்னமே பார்த்திருந்த ஆங்கிலேய அரசு அதிகாரி வால்டர் எலியட் 1878-ல் எழுதிய கட்டுரையும் அதிலுள்ள படமும்தான் இன்று நமக்கு அந்தக் கோபுரம்.

கோபுரத்தை இடிப்பதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1864-ல், போர்த்துகலின் லிஸ்பனில் 1755 பூகம்பத்தில் கூரை இழந்த கார்மோ மடத்தைத் தொல்பொருள் காட்சியகமாக்கினார்கள். கூரையில்லாத மடமே அங்கே முதல் காட்சிப்பொருள். நம்மிடம் நின்றுகொண்டிருந்ததே போயிற்று. இடிந்து விழும் நிலை என்று சொல்லியிருக்கலாம். இடிப்பதற்கு அது போதாது என்பது என் கட்சி.

மண் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தது. 1930-கள் வரை நாகையில் முந்நூற்றைம்பது அளவில் பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை கைக்கடக்கம், உச்சியில் சுடர்விடும் கொழுந்து நாகைப் புத்தரின் முத்திரை. பல எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன, சில வேறு ஊர்களுக்குப் பிரிந்தன. 1954-ல் தொல்லியலாளர் டி. என். ராமச்சந்திரன் இவற்றுக்கு விரிவான நூலே எழுதினார்.

எழும்பூருக்குப் போகிறவர்கள் நடராசரைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம். நாகைப் புத்தர்களிடமும் போங்கள். குனிந்து பீடங்களைப் பாருங்கள். எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் தமிழ்தான்.