வில்லியம் கோல்ட்மன்

வில்லியம் ஹரால்ட் கோல்ட்மன் (1891–1974) முதல் உலகப் போரில் அதிகாரி அல்லாத பிரிட்டிஷ் வீரர்களுள் மிக அதிகமான வீரப் பதக்கங்களைப் பெற்றவர். அவற்றை வாங்க அவர் ஒரு தோட்டாவைக்கூடச் சுடவில்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ரேஞ்ச்மோர் கிராமத்தில் பிறந்தார். பீர் ஆலைகளுக்குப் பேர்போன பர்ட்டன் நகரை அடுத்த வின்ஷில்லில் தோட்டவேலை செய்து பிழைத்தார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தினார். 1915-இல் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் படைப்பிரிவில் தாமாகவே சேர்ந்தார். பிரதரன் சபையைச் சேர்ந்த அவருக்கு உயிரைப் பறிக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே, காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் வேலையை ஏற்றார். மற்றவர்கள் பதுங்குகுழியில் ஒடுங்கும் நேரத்தில் ஆயுதமின்றி வெளியே போகவேண்டிய வேலை அது.

1917 பிப்ரவரியில், இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் காயமுற்றுக் கிடந்த அதிகாரி ஒருவரை மீட்டதற்காக ராணுவப் பதக்கம் கிடைத்தது. ஜூன் மாதம் இடிந்து விழுந்த சுரங்கத்தில் சிக்கியவர்களைத் தோண்டி எடுக்க ஆள் திரட்டினார். அந்த மாதப் பணிகளுக்காக அதே பதக்கம் இரண்டாம் முறையும் வந்தது. ஜூலையில் சிறப்பு நடத்தைப் பதக்கம். 1918 செப்டம்பர் இறுதியில் பெல்லங்லீஸ் அருகே நடந்த சண்டையில் காட்டிய துணிவுக்காக அதுவும் இரண்டாம் முறை.

சில நாட்களிலேயே, அக்டோபர் 3, 4 தேதிகளில், பிரான்ஸின் செக்கெஹார் ஊருக்கு அருகிலுள்ள மானெகின் குன்றில் அவரது பெயரை நிலைக்கவைத்த நிகழ்ச்சி நடந்தது. பின்வாங்கிய படை காயம்பட்டவர்கள் சிலரை விட்டுவிட்டு வந்திருந்தது. செய்தி காதில் விழுந்ததும் லான்ஸ் கார்ப்பொரல் கோல்ட்மன் தனியாகக் கிளம்பினார். பக்கவாட்டிலிருந்து குண்டுகள் பாய்ந்துகொண்டிருக்க, கிடந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கட்டுப்போட்டார். அடுத்தடுத்து மூன்று முறை தோழர்களை முதுகில் சுமந்து வந்தார். அதன் பின்னும் ஓயாமல் 48 மணி நேரம் காயமுற்றோரைக் கவனித்தார். இதற்காகவே பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை அளிக்கப்பட்டது. 1919 மே மாதம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதை அணிவித்தார். பிரான்ஸும் தன் போர்ச் சிலுவையை வழங்கியது.

வீடு திரும்பியவர் பர்ட்டன் நகராட்சிப் பூங்காத் துறையில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது உள்ளூர் ராணுவப் பயிற்சி மாணவர் படையை கேப்டனாக இருந்து நடத்தினார்.

1974-இல் மறைந்த அவர் வின்ஷில் புனித மாற்கு ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஸ்டாஃபோர்ட்ஷயர் படைப்பிரிவு அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்காக அமைத்த மாதிரிப் பதுங்குகுழிக்கு ‘கோல்ட்மன் பதுங்குகுழி’ என்று பெயர்.