விளக்கெண்ணெய் ஆக முடியாத எண்ணெய்

தஞ்சைப் பக்கம் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள். பெரியவர்கள் வாயில் சீமெண்ணெய், தெருப் பேச்சில் கிருஷ்ணாயில், ரேஷன் கடைப் பலகையில் மண்ணெண்ணெய். அரிக்கேனிலும் சிம்னியிலும் காடா விளக்கிலும் எரிந்ததற்கு விளக்கெண்ணெய் என்றல்லவா பெயர் வந்திருக்க வேண்டும்? வராததற்குக் காரணம், அந்த இடம் காலியாக இல்லை. ஆமணக்கு அதை முன்பே பிடித்திருந்தது. விளக்கை விட்டிறங்கிப் பேதி மருந்தாகவும், மந்தமான பையனைத் திட்டும் வசவாகவும் ஆன பிறகும் அந்தப் பட்டத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்தது வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

கடல் கடந்து வந்ததால் சீமை எண்ணெய். சீமைச் சுண்ணாம்பு போலத்தான். கன்னடத்திலும் இதே பெயர் உண்டு. கிருஷ்ணாயில், படிக்காதவர் சிதைத்த சொல் என்பார்கள். மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆபிரகாம் கெஸ்னர் ஆக்கி, 1854இல் தன் காப்புரிமையில் எழுதிய கெரசின் என்ற பெயர், ஆயிலோடு சேர்ந்து தெலுங்கில் கிரசனாயிலு ஆனது. தமிழ் நாக்கு இன்னும் ஓரடி நகர்ந்து தெரிந்த பெயரில் ஏற்றிக்கொண்டது. சிதைவென்றால் இரண்டு மொழிகள் ஒரே வழியில் சிதைந்திருக்கின்றன. மண்ணெண்ணெய் மீது வேறொரு சந்தேகம்: தனித்தமிழ் ஆர்வலர் செய்த சொல்லோ என்று. அப்படியானால் மலையாளத்து மண்ணெண்ண, இந்தியின் மிட்டீ கா தேல், சிங்களத்துப் பூமிதெல், மலாயின் மிஞ்ஞாக் தானா எல்லாம் மண்ணையே சொல்வானேன்? 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய மறைமலையடிகளின் கை அவ்வளவு தூரம் நீண்டிருக்காது. வணிகத்தோடு வந்த பொதுப்பெயர்தானே, இதில் தமிழின் பங்கென்ன என்று கேட்கலாம். வேம்பு, புன்னை, இலுப்பை என்று மூலத்தைச் சொல்லி எண்ணெய்க்குப் பேர் வைப்பது இங்கே பழைய வழக்கம். விதை நின்ற இடத்தில் மண் நின்றது, சொல் உறுத்தாமல் ஒட்டிக்கொண்டது.

பேரில் எண்ணெய் இருந்தும் தலைக்கும் தாளிப்புக்கும் அகலுக்கும் இது ஆகாது. வயலுக்கு ஆனது: நெல்லில் கூண்டுப்புழு விழுந்தால் தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் கலந்து, பயிர்மேல் கயிற்றை இழுத்துக் கூண்டுகளை உதிர்த்து, நீரை வடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் ஆனது. வாய்க்காலில் ஒரு சொட்டு விட்டு வானவில் பார்ப்பதோடு நின்றால் சரி. திருவிழாவில் கண்டதைப் போல வாயில் கொண்டு பந்தத்தில் ஊதினால், ஒரு மடக்கு மூச்சுக்குழலில் இறங்கினாலே நுரையீரல் புண்ணாகும். பதறிப்போய் வாந்தி எடுக்க வைப்பது அதைவிட ஆபத்து.

எந்த ஊர் மண் என்ற கேள்விக்குப் பதில் மட்டும் நெடுநாள் சீமெண்ணெய்க்காரர் பக்கமே இருந்தது. பிறகு நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திலேயே கச்சா எண்ணெய் கிடைத்தது. 1993இல் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவ, ஊரே திரண்டது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத்தான் தடுக்கிறது. பழையவற்றை அது தொடவில்லை.