கையிலிருந்து செம்மஞ்சள் வரை: சென்னைச் சாலைகளில் ஒரு சைகையின் வரலாறு

வாகனத்தின் பின்புறத்தில் மின்னி மின்னி அணையும் சிறு விளக்கை வரலாற்றுப் பொருளாக யாரும் கருதுவதில்லை. தலைவர்களுக்கும் கட்டடங்களுக்கும் வரலாறு எழுதுகிறோம். இண்டிகேட்டருக்கு யார் எழுதுவார்கள்? ஆனால் ஒரு நகரத்து மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான். முகம் தெரியாதவரிடம், முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடும் நிலையில் பேசும் பேச்சு அது. சென்னையில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு. அதில் பெரும்பகுதி நடந்தது தொழிற்சாலைகளில் அன்று. வீட்டு முகப்புகளில், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்ற உரிமையாளர்களிடம்தான்.

சென்னையின் முதல் மோட்டார் கார்களைப் பற்றி எஸ். முத்தையா நிறைய எழுதியிருக்கிறார். பாரி நிறுவனத்தின் ஏ.ஜே. யார்க் என்பவர் 1894 அளவிலேயே அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குக் காரில் போய்வந்ததாக அவர் குறிப்பிடுகிறார். பதிவு எண்கள் வந்தபோது எம்.சி.1 துறைமுகத்தின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும், எம்.சி.3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருக்கும் உரியவையாயின. அந்த வண்டிகளில் திருப்பத்தை அறிவிக்கும் கருவி ஏதுமில்லை. குதிரைவண்டிக்காரனுக்கு இருந்ததே மோட்டார்க்காரருக்கும் இருந்தது: கை.

கைச் சைகைகளைச் சட்டம் பின்னாளில் வரையறுத்தது. வலப்பக்கம் திரும்ப, உள்ளங்கை முன்னோக்கியிருக்க வலக்கையைக் கிடையாக நீட்ட வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கையைத் தரைநோக்கி வைத்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிற்க, முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். இடப்பக்கம் திரும்புவதில்தான் சிக்கல். ஓட்டுநர் வலப்புறம் அமர்ந்திருக்கிறார். அவருடைய இடக்கை வெளியே எட்டாது. ஆகவே வலக்கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றச் சொன்னார்கள். இது சுட்டுதல் அன்று; கற்றவர்க்கு மட்டுமே விளங்கும் குறியீடு. கச்சேரி சாலையிலிருந்து மாடவீதிப் பக்கம் திரும்பும் காரின் பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரருக்கு அந்தச் சுழற்சி என்ன சொல்லியிருக்கும்? இரவில் கை தெரியாது. ஐப்பசி மழையில் கையை நீட்டினால் சட்டை நனையும். நீட்டாவிட்டால் பின்னால் வருபவர் மோதுவார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த முதல் கருவி கையையே நகலெடுத்தது. 1907இல் பெர்சி டக்ளஸ்-ஹாமில்டன் என்பவர் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில் திசைகாட்டிகள் கை வடிவிலேயே இருந்தன. 1928இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்சாரத்தில் இயங்கும் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் இதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். நம் ரயிலடியில் ஏற்கெனவே புழங்கிவந்த ‘கைகாட்டி’ என்ற சொல் இதற்கு அழகாகப் பொருந்தும். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடைப்பட்ட தூணில் ஒரு பிளவு. விசையைத் திருப்பினால் மின்காந்தம் இழுக்க, உள்ளே விளக்கெரியும் சிறு தண்டு வெளியே நீளும். 1949இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் பூட்டத் தொடங்கிய ஆஸ்டின் ஏ40, அக்காலத்து மாரிஸ் மைனர், ஹிந்துஸ்தான் 14 ஆகியவை இந்தக் கைகாட்டியோடு வந்தவை. தூசியும் துருவும் ஏறினால் தண்டு பாதியில் நின்றுவிடும். தூணில் உள்பக்கமாக ஒரு குத்து விட்டால் எழும். சில நேரம் எழுந்தது மடங்காது. திரும்பி முடித்த பிறகும் திரும்பப்போவதாகச் சொல்லிக்கொண்டே வண்டி போகும்.

இதற்கிடையே 1939இல் அமெரிக்காவின் பியூக் கார்களில் மின்னும் விளக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் அது ஐம்பதுகளில்தான் பரவியது. சென்னைப் புறநகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியபோது கைகாட்டியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் பழைய கார்கள் சாலையை விட்டுப் போய்விடவில்லை. முன்செல்லும் கார்களெல்லாம் மின்ன, தம் காரில் மட்டும் தண்டு நீண்டால் யார் கவனிப்பார்கள்? வீட்டுத் திருத்தம் இங்கேதான் தேவையாகிறது. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் விளக்கு, ஒயர், ஃபிளாஷர் எல்லாம் கிடைத்தன. பிரிட்டிஷ் மரபில் வந்த வண்டிகளில் இடப்பக்கத்து ஒயர் பச்சையில் சிவப்புக் கோடு, வலப்பக்கம் பச்சையில் வெள்ளைக் கோடு. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி பின்புறம். பழைய கார்களின் பின்னால் இருந்தது ஒரே சிவப்பு விளக்கு. அதுவே இரவு விளக்கு, அதுவே பிரேக் விளக்கு. அதையே மின்னவும் வைப்பது எளிய வழி. பிரிட்டனில் தொழிற்சாலைகளே இதைச் செய்தன. லூகாஸ் நிறுவனத்தின் டி.பி.10 என்ற ரிலே இதற்காகவே வந்தது. பிரேக் அழுத்தியிருக்கும்போது இண்டிகேட்டர் போட்டால், ஒருபக்கத்து பிரேக் விளக்கு மட்டும் மின்னும். ஆனால் பின்னால் வருபவர் ஒரே சிவப்பில் மூன்று செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். இன்னொரு வழி, தகட்டில் துளையிட்டுத் தனியாகச் செம்மஞ்சள் விளக்கு பொருத்துவது. துளையைச் சுற்றித் துருப்பிடிக்கும். காரின் அழகு கெடும். ஆனால் செய்தி தெளிவாக இருக்கும். அழகா, தெளிவா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

தெளிவின் பக்கம் நின்றது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். திசைகாட்டி விளக்கு செம்மஞ்சளாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். பின்புறத்தில் சிவப்பை இன்றும் அனுமதிக்கும் அமெரிக்காவில், நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. திரும்பும் வண்டியைப் பின்னாலிருந்து மோதும் விபத்துகள், விளக்கு செம்மஞ்சளாக இருக்கும்போது 5.3 சதவீதம் குறைகின்றன என்பது அதன் முடிவு. ஒரு நிறத்துக்கு இது சிறிய பயனன்று.

இதன் பிறகு வீட்டுத் திருத்தத்தின் திசை மாறுகிறது. 1998இல் ஜப்பானில் வெளியான டொயோட்டா அல்டெஸா காரின் பின்விளக்கு நிறமற்ற கண்ணாடியோடு இருந்தது. அந்த அழகு உலகெங்கும் பரவியது. நம் மாருதிகளும் தப்பவில்லை. கண்ணாடிக்கு நிறமில்லை என்றால் பல்புக்கு நிறம் வேண்டும். அதற்கென்று உள்ள செம்மஞ்சள் பல்பில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண 21 வாட் பல்பின் இரு முனைக்குமிழ்களும் நேரெதிரே இருக்கும். செம்மஞ்சள் பல்பில் 150 பாகையில் விலகியிருக்கும். வெள்ளைப் பல்பு தவறியும் அதன் இடத்தில் நுழையக்கூடாது என்பதற்காகவே இந்த விலகல். அந்தக் குமிழை அரத்தால் தேய்த்து வெள்ளைப் பல்பைத் திணிப்பவர், தெரியாமல் தவறு செய்யவில்லை. தவறைத் தடுக்கவென்று யாரோ யோசித்து வைத்த வேலியைத் தாண்டுகிறார்.

எல்.இ.டி. வந்த பிறகு இன்னொன்றும் நேர்ந்தது. 21 வாட் பல்பு எரிந்துபோனால் மின்சுமை குறையும். ஃபிளாஷரின் தாளம் மாறும். தாளம் மாறினால் ஒரு பல்பு செத்துவிட்டது என்று ஓட்டுநர் அறிவார். எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால், ஃபிளாஷர் அதைச் செத்த பல்பாக எண்ணிப் படபடக்கிறது. அதை அடக்கப் பலர் 6 ஓம் மின்தடையை இணைக்கிறார்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் இழுத்து, 24 வாட்டையும் வெப்பமாகவே வெளியிடும். அருகிலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கவும் செய்யும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. இனி விளக்கு உண்மையாகவே அணைந்தாலும் தாளம் மாறாது. வண்டி ஊமையாகிவிட்டதை உள்ளே இருப்பவர் அறியமாட்டார்.

சட்டம் இப்போது கடுமையாகியிருக்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. கைகாட்டிக் காருக்குப் பின்னால் செம்மஞ்சள் விளக்கு பொருத்தியவரையும் குமிழைத் தேய்த்தவரையும் ‘மாற்றம்’ என்ற ஒரே சொல் தழுவிக்கொள்கிறது. ஆனால் முன்னவர் பின்னால் வருபவருக்கு ஒரு செய்தியைக் கூடுதலாகக் கொடுத்தார். பின்னவர் இருந்ததைப் பறித்தார். வரலாறு இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

உள்ளத்தில் எழுவது பிறர் காணும்படி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று தொல்காப்பிய மரபு சொல்லும். இண்டிகேட்டரும் ஒருவகை மெய்ப்பாடுதான். காண்பவர் இல்லையேல் அதற்குப் பொருளில்லை. பனகல் பூங்காவின் நெரிசலில் ஆட்டோக்காரர் ஒருவர் காலை வெளியே நீட்டி இடப்பக்கம் ஒதுங்கும்போது நாம் சிரிக்கிறோம். எந்த விதிநூலிலும் இல்லாத சைகை அது. எனினும் நூறாண்டுகளாகக் கருவிகள் செய்ய முயன்ற ஒன்றை அந்தக் கால் செய்துவிடுகிறது. பின்னால் ஒருவர் வருகிறார் என்பதை அது மறக்கவில்லை.