அரசுப் பணியாம், தொழில் அல்லவாம்!

கல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், சணல் ஆலைகள் சூழ்ந்த ஊர் பட்ஜ்பட்ஜ். அவ்வூர் நகராட்சியில் தலைமை எழுத்தர் ஒருவர், சுகாதார ஆய்வாளர் ஒருவர். இருவரும் தொழிற்சங்கத்தினர். கடமையில் தவறினர், கட்டளையை மீறினர் என்று குற்றம் சாட்டி, நகராட்சி அவ்விருவரையும் வேலையினின்று நீக்கியது. நீக்கியது முறையா என்று சங்கம் கேட்டது. வழக்கு டிரிப்யூனலுக்குப் போயிற்று. 1950ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது: இது பழிவாங்கல், இருவரையும் மீண்டும் பணியில் அமர்த்துக!

அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் நகராட்சி உயர்நீதிமன்றம் ஏறிற்று. அங்கே தோற்றதும் உச்சநீதிமன்றம் ஏறிற்று. எந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு? நாங்கள் ஆலை நடத்தவில்லை, ஆதாயம் தேடவில்லை, ஆட்சியின் ஓர் அங்கம் நாங்கள். எங்கள் பணி தொழில் அல்ல, ஆகவே எங்களிடம் எழுவது தொழில் தகராறும் அல்ல! மேலும், ஆளை வைக்கவும் நீக்கவும் 1932ஆம் ஆண்டு வங்க நகராட்சிச் சட்டம் எமக்கு அதிகாரம் தந்திருக்க, இடையில் டிரிப்யூனல் யார்?

வாக்குச் சீட்டு ஊராளும் உரிமையைத் தரும். பண்ணையார் உரிமையையுமா தந்துவிடும்?

தோழர்களே, 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தைச் சற்றே புரட்டுங்கள். மின்சாரம், விளக்கு, தண்ணீர் வழங்குதல், பொதுத் துப்புரவு ஆகியவற்றைப் பொதுமக்கள் பயன்பாட்டுப் பணிகள் என அது வகைப்படுத்தியது. உழைப்பாளியிடம் கொண்ட உருக்கத்தால் அன்று! அப்பணியில் இருப்போர் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யலாகாது. அறிவித்த பின்னும் பதினான்கு நாள் பொறுத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வகைப்பாடு. சாதியின் பெயரால் துடைப்பம் ஏந்தவைக்கப்பட்டவன் அதைக் கீழே வைக்க எண்ணினால், அவன் வேலை ஊரின் உயிர்நாடி. அவனே நியாயம் கேட்டு வந்தால், அது தொழிலே அல்ல!

இந்த முரண் நீதிமன்றத்தின் கண்ணில் படாமல் இல்லை. 1952 டிசம்பரில், முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்த என். சந்திரசேகர அய்யர் எழுதிய தீர்ப்பு, சட்டத்தின் அந்த வகைப்பாட்டையே சான்றாகக் காட்டியது. இப்பணிகளை நகராட்சியிடம் ஒப்படைத்தது இலாப நோக்கை அகற்றவே. தொழில் என்ற வட்டத்திலிருந்து அவற்றை அகற்ற அன்று என்றது. நகராட்சியின் முறையீடு தள்ளுபடி ஆயிற்று.

ஓர் ஊருக்குச் சொன்னது மற்ற ஊர்களின் செவியில் ஏறியதா? 1960இல் நாகபுரி மாநகராட்சி வந்து நின்றது, அதே வாதத்துடன். இம்முறை நீதிபதி சுப்பா ராவ், வீட்டை அறை அறையாகச் சோதிப்பதுபோல், துறை துறையாகச் சோதித்தார். சட்டம் இயற்றல், நீதி வழங்கல் போன்றவையே அரசுக்கே உரிய பணிகள். தீயணைப்பும் தெருவிளக்கும் குடிநீரும் சுகாதாரமும் தொழிலே என்றார். கல்வித் துறையும் அந்த வரிசையில் இடம்பெற்றது. ஆசிரியனாகிய நான் இங்கே மகிழ நினைத்தேன். ஆனால் பள்ளி தொழிலானாலும் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்று 1988இல் அதே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது!

பிறகு பெங்களூர். அங்கே குடிநீர் வாரியம் தன் ஊழியர் சிலருக்குத் தண்டம் விதித்துப் பணத்தைப் பிடித்துக்கொண்டது. தங்கள் பக்கத்தைக் கேளாமலே தண்டித்தனர் என்று அவர்கள் 1972இல் முறையிட்டனர். வாரியம் என்ன சொல்லிற்று? குடிமக்களுக்கு அடிப்படை வசதி தருவது அரசுக்குரிய பணியாம். ஆகவே தொழில் அல்லவாம்! மன்னர்கள் மறைந்தனர், மானியங்கள் ஒழிந்தன, குழாயடியில் மட்டும் செங்கோல் நின்றது.

1978இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்த ஆயத்தில், கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தச் செங்கோலைப் பிடுங்கிற்று. முறையான நடவடிக்கை, முதலாளி தொழிலாளி ஒத்துழைப்பு, மக்களுக்கு வேண்டிய பொருளையோ பணியையோ தருதல், இம்மூன்றும் இருந்தால் அது தொழில். இலாபம் வந்ததா என்ற கேள்வியே எழாது.

வாரியம் பிடித்தது ஊழியர் சிலரின் தண்டப் பணம். அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா என்ற தொடக்கக் கேள்வியிலேயே ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன.