தலைப்பெழுத்தும் பொருட்காப்பும்

கவிதைத் தொகுதியொன்றைக் கையிலெடுப்பவர் கண்ணில் முதலில் படுவது தலைப்பெழுத்தின் வடிவமே. ஆதலின் அழகெழுத்தைத் தேர்தலும் படைப்புப் பணியின் ஒரு கூறாகும். அவ்வழகுக்கு எல்லை யாது என்னும் வினாவிற்குத் தமிழெழுத்தின் வரலாறே விடை தருகிறது.

மெய்யெழுத்துகளும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நெறி. ஆயினும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்பெறவில்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே வடிவில் நின்றன. நெருப்போ நீர்நிலையோ என்பதை இடம் நோக்கியே உணரவேண்டியிருந்தது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் எழுதப்பட்டமையால் 'கர' என்பதும் 'கா' என்பதும் மயங்கின. வீரமாமுனிவர் (1680–1747) நெடில்களான ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவும் இரட்டைச்சுழிக் கொம்பும் வகுத்து, இவ்விடரின் ஒரு பகுதியைக் களைந்தார்.

அச்சுக்கலை மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறியது. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகளோ பருமனானவை. தாளை மிகுதியாக விழுங்கின. எனவே அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பெற்றன. தொடர்ந்து படிப்பதற்குரிய எழுத்து வேறு, நின்று காண்பதற்குரிய எழுத்து வேறு என்பது இதனால் விளங்கும்.

காண்பதற்குரிய எழுத்தை நம் காலத்தில் வளப்படுத்தியவர்கள் ஓவியர்கள். கே.எம். ஆதிமூலம் (1938–2008) தம் கைப்பட எழுதிய தலைப்புகள் சிற்றிதழ்களுக்கும் நூல் முகப்புகளுக்கும் தனி முகம் தந்தன. ஒவ்வொரு தலைப்பும் அந்நூலுக்கென்றே எழுதப்பட்டது.

இன்று கணினியில் ஆயத்த எழுத்துருக்கள் பல உள்ளன. 'பலூ தம்பி' போன்ற தடித்த அழகெழுத்தும் எளிதிற் கிடைக்கிறது. எழுதுதல் குறைந்து தேர்தல் மிகுந்துள்ள இக்காலத்தில், தேர்வோர்க்கு விழிப்பு வேண்டும். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிகள் அடைபடும். இரட்டைச்சுழி ஒற்றைச்சுழியாகத் தோன்றிக் 'கோடு' 'கொடு' ஆகிவிடும். அணிவளைவு மிகுந்தால் புள்ளி அதனுள் மறையும். 'கல்' 'கல' ஆகும். ஆகவே, எழுத்துருவின் மாதிரித்தாளைக் கண்டு மயங்காது, நம் தலைப்பையே அதில் அமைத்து, முகப்பின் அளவில் அச்சிட்டு, நூலை அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டல் நன்று.

எழுத்தின் உடலை எவ்வாறும் அணிசெய்யலாம். பொருளை வேறுபடுத்தும் புள்ளி, சுழி, கால் ஆகியவற்றைச் சிதைத்தலாகாது. முன்னோர் பல நூற்றாண்டுகள் முயன்று பெற்ற தெளிவு அது. 'எரி' என்று எழுதிய கவிஞரின் நெருப்பை முகப்பிலேயே ஏரியாக்கி அணைத்துவிட வேண்டா.